முப்பத்தாறு சிவப்புத் தடிகள்

மாணவர்களைக் கடலில் இறக்கிவிட்டு நீங்கள் கரையில் நின்றாலும் சரி, அவர்களோடு கூட இறங்கினாலும் சரி, தலைகளை எண்ணிக்கொண்டே இருங்கள். இதைச் சொல்லத்தான் என்னை எழுதச் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். நம் கடல் உயிரியல் துறையில் என்னைப் பற்றி மிஞ்சியிருக்கும் கதை அது ஒன்றுதான். இறங்கும்போது எண்ணுவேன், ஏறும்போது எண்ணுவேன், நடுவில் யாராவது குனிந்தால் அவர் நிமிரும்வரை மூச்சை அடக்கிவைத்துவிட்டு மறுபடி எண்ணுவேன். மிதவைச் சட்டைகள், இறப்பர்ச் சப்பாத்துகள், தண்ணீர்ப் போத்தல்கள், ஒன்றையும் விட்டதில்லை. எனக்குப் பின்னால் மாணவர்கள் "தலையெண்ணி" என்பார்கள். முன்னாலும் ஓரிருவர் சொன்னதுண்டு. இப்போது எண்ணுவதற்குப் பிள்ளைகள் இல்லை. முற்றத்து முருங்கையில் காய்களை எண்ணுகிறேன்.

இறுதியாண்டுப் பிள்ளைகளை ஆய்வுக்குக் கூட்டிப் போகப்போகும் உங்களுக்கு, என் எண்ணிக்கை எதற்கும் உதவாமற்போன ஒரு காலையைச் சொல்லுகிறேன்.

போர் முடிந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்ற ஊரின் கரைக்குச் சனம் திரும்பிக்கொண்டிருந்த காலம். சில வீடுகளுக்குத் தகரம் வந்துவிட்டது. பலவற்றுக்கு இன்னும் தறப்பாள்தான். ஆண்கள் வள்ளத்தில் வலைக்குப் போனார்கள். பெண்கள் கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி மட்டியும் நண்டும் எடுத்தார்கள். அந்தத் தண்ணீருக்கு அடியில் நல்ல கடற்புல் படுகை ஒன்று விரிந்து கிடந்தது. ஆறு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை அங்கே போவேன். மாதா கோயில் மண்டபத்தில் தங்குவோம்.

ஆய்வு சுகந்தினியுடையது. மற்ற ஐந்து பேரும் அவளுக்கு உதவ வந்தவர்கள். உயிலங்குளத்தில் நெல் விதைக்கும் குடும்பம் அவளுடையது. பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை கடலில் கால் நனைத்ததில்லை. இடம்பெயர்ந்து அலைந்ததில் இரண்டு ஆண்டுப் படிப்புப் போய், தன் தம்பியின் வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்தாள். இறுதியாண்டு ஆய்வு நிறைவேறாவிட்டால் பட்டம் இன்னோர் ஆண்டு தள்ளிப்போகும். மற்றவர்களுக்கு அது ஓர் ஆண்டு. அவளுக்கு மூன்றாவது ஆண்டு.

அவளுடைய கேள்வி எளிமையானது. நண்டுக் குஞ்சுகள் அடர்ந்த புல்லில் கூடுதலாக ஒளிந்துகொள்கின்றனவா, ஐதான புல்லிலா? படுகையில் ஒன்பது சதுரங்கள் குறித்து, மாதாமாதம் அதே சதுரங்களில் குஞ்சுகளை எண்ண வேண்டும். நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சதுரத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. வெளியே குந்தியிருந்து கையை மட்டும் உள்ளே விட வேண்டும். மிதிபட்ட புல்லில் எடுத்த கணக்கை நான் கணக்கென்று ஏற்கமாட்டேன் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன்.

சதுரங்களின் மூலைகளில் முதலில் வெள்ளைத் தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை நட்டோம். அடுத்த மாதம் போனபோது பாதியைக் காணவில்லை. கோயிலின் கோபுரத்தையும் இரண்டு பனைகளையும் நேர்பார்த்து மூலைகளை ஒருவாறு கண்டுபிடித்தோம். ஒரு குழாயை மட்டும் திரேசம்மாவின் வீட்டில் கண்டேன். திரேசம்மா எங்களுக்குச் சோறு சமைத்துத் தருபவர். மட்டிக்கு இறங்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் முன்னுக்குப் போகிறவர். குழாயில் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இது எங்கட குழாய் போல கிடக்கு" என்றேன்.

"கடல் தந்தது சேர்" என்றார் அவர். "கடலுக்க நட்டுப்போட்டுப் போனா, கடலுக்குக் குடுத்ததுதானே?"

மூன்றாவது மாதம் சுகந்தினி வீட்டிலிருந்து ஒரு கட்டுத் தடியோடு வந்தாள். எல்லாம் ஒரே அளவு, தலைப்பக்கம் சிவப்புப் பூச்சு. அவர்களுடைய வயல்களில் மிதிவெடி எடுக்க வந்தவர்கள், வெடி கிடக்கும் இடத்தைச் சுற்றி நட்டுவைத்த தடிகள் அவை. வேலை முடிந்து வயலை ஒப்படைத்துவிட்டு அவர்கள் போனபின், தடிகள் குவியலாகக் கிடந்தனவாம். ஊரார் அள்ளிக்கொண்டுபோய் பயற்றங்கொடிக்கு ஊன்றினார்கள், வேலி அடைத்தார்கள். சுகந்தினியின் வீட்டில் ஆட்டுக்கொட்டிலே அந்தத் தடியில்தான் நின்றது.

"இது எங்கட பக்கம் குவிஞ்சு கிடக்கிற சாமான், ஒருத்தரும் களவெடுக்க மாட்டினம் சேர்" என்றாள்.

சிவப்புத் தூரத்திலிருந்தே தெரியும் என்பதில் எனக்கும் திருப்தி. பின்னேரம் கடல் வற்றியதும் நட்டு முடித்தோம். சதுரத்துக்கு நான்காக ஒன்பது சதுரத்துக்கும் முப்பத்தாறு. குஞ்சுகளைக் காலையில் எண்ணலாம் என்று கரையேறினோம். சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்று கடலைப் பார்த்தார்.

"எத்தனை தடி நட்டனீங்கள்?"

"முப்பத்தாறு" என்றேன். யாராவது என்னிடம் எண்ணிக்கை கேட்டால் எனக்கு ஒரு சந்தோசம்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

விடிந்தது. திரேசம்மா ஒவ்வொரு நாளும் காலையில் பெரிய போத்தலில் தேத்தண்ணீர் கொண்டுவருவார். அன்று வரவில்லை. நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனோம். வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. கடல் வற்றி, புல்லின் நுனிகள் தெரிந்தன. தண்ணீருக்குள் ஒருவரும் இல்லை. ஊர்ச்சனம் முழுவதும் கரையில் நின்றது. ஒரு தாய் தன் பிள்ளையை மடியில் கிடத்தி, அதன் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனவர் சங்கத் தலைவர் என்னிடம் வந்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் அழுவார்போல் இருந்தார்.

"முதலே சொல்லியிருக்கலாம்தானே சேர். இவ்வளவு நாளும் எங்கட பொம்பிளையள் இதுக்குள்ளதானே நிண்டவை."

"எதைச் சொல்ல?"

"முப்பத்தாறு கிடக்குதாமே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊருக்குப் பின்னால், வெடி இன்னும் எடுத்து முடியாத பற்றைக் காட்டோரம் அதே தடிகள் வரிசையாக நட்டபடியே நின்றன. பேருந்தில் வரும்போது ஒவ்வொரு முறையும் கண்டதுதான். உயிலங்குளத்துப் பிள்ளைக்கு அந்தத் தடி, வேலை முடிந்து கழிந்த சாமான். அரிப்புச் சனத்துக்கு அது தாண்டக் கூடாத எல்லை. தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் அங்கே அது தெரியும்.

"மிதிவெடி ஒண்டும் இல்லை. இது நண்டு எண்ணுறதுக்கு" என்றேன்.

"நண்டு எண்ணுறதுக்கு ஏன் சிவப்புத் தடி?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"மாரி வெள்ளத்தில அருவியாறு அள்ளிக்கொண்டு வந்திருக்கும்" என்றார் இன்னொருவர். "நான் அப்பவே நினைச்சனான்."

"இல்லையெண்டுதான் சொல்லுவினம். சொன்னா நாங்கள் திரும்பவும் எழும்பிப் போயிடுவம் எண்டு பயம்."

திரேசம்மா கூட்டத்துக்கு முன்னால் நின்றார். கையிலே மட்டிக் கூடை வெறுமையாக இருந்தது. அவருடைய கண் என் முகத்தில் இல்லை, என் கால்களில் இருந்தது. நான் இறப்பர்ச் சப்பாத்துப் போட்டிருந்தேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் உடனே கைக்கு வரும் வேலை எதுவோ, அதைச் செய்துவிடத் தோன்றும். எங்களில் அன்ரன் என்று ஒரு துடியாட்டக்காரன், மன்னார்த் தீவுப் பையன், தடிகளைப் பிடுங்கிவிட்டு வருகிறேன் என்று ஓடத் தொடங்கினான். அவனுடைய சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். இப்போது பிடுங்கினால் எதையோ ஒளிக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். தடி போய்விடும், அந்த இடத்தின் மேல் பயம் நிற்கும். மிதிவெடி எடுப்பவர்களின் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஆள் கூப்பிடலாம். அவர்களுடைய வாகனம் ஊருக்குள் வந்து நின்றால் அதுவே போதும், வெடி இருக்கிறது என்று ஆகிவிடும். கோயில் பாதர் சொன்னால் கேட்பார்கள், ஆனால் அவர் மன்னாருக்குப் போயிருந்தார். அதற்குள் ஒரு வள்ளக்காரர் மனைவியிடம், "நாங்கள் முகாமிலயே இருந்திருக்கலாம்" என்று சொல்வது என் காதில் விழுந்தது. வந்து குடியேறிய சனம், நண்டும் மட்டியும்தான் சாப்பாடு. ஒரு சொல்லில் அந்தக் கடல் அவர்களுக்கு இல்லாமற்போய்க்கொண்டிருந்தது.

சுகந்தினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சேர், எங்கட வயலைத் திருப்பித் தரேக்க என்ன செய்தவங்கள் தெரியுமோ?"

"பிள்ளை, இப்ப வயலைப் பற்றி..."

"கேளுங்கோ சேர். அப்பாவின்ர கையில ஒரு கடிதம் குடுத்தவங்கள். அப்பா அதை மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்க வச்சிட்டார், வாசிக்கேல்லை. பிறகு அவையளின்ர பெரியவர் தொப்பியைக் கழட்டி, சப்பாத்தைக் கழட்டி, தன்ர ஆக்களோட வரிசையா எங்கட வயலுக்க நடந்தவர். இந்த வரம்பிலயிருந்து அந்த வரம்புமட்டும். ஒரு அடியும் விடாமல். அவர் நடந்து முடிய அப்பா இறங்கினவர். அப்பாவுக்குப் பின்னாலதான் ஊர் இறங்கினது."

அவள் எங்கே வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாதவன்போல் நின்றேன்.

"நாங்களும் நடப்பம் சேர்."

"நடக்கலாம். சதுரங்களைச் சுத்தி நடக்கலாம்."

"சுத்தி நடந்தா, அதுக்குள்ளதான் கிடக்குது எண்டு நினைப்பினம்."

"சரி, முதல்ல இந்த மாதக் குஞ்சுகளை எண்ணிப்போட்டு நடப்பம். கெதியா எண்ணினா..." என்றேன்.

"குந்தியிருந்து கையால தடவித் தடவித்தானே எண்ணப்போறம்? அவங்களும் வெடியை அப்பிடித்தான் தேடினவங்கள். சனம் பாத்துக்கொண்டு நிக்குது சேர்."

"உம்மட ஆய்வு, பிள்ளை."

"தெரியும்."

"திரும்ப முதலிலயிருந்து தொடங்கேலாது. வருசத்தில மிச்ச மாதங்கள் அதுக்குப் போதாது."

"தெரியும் சேர்" என்றாள் மறுபடி. குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நிமிடம் வரும். உங்கள் மாணவர் சொல்வது சரி என்று உங்களுக்குத் தெரியும், அதைச் செய்தால் அவர் இழப்பது என்ன என்பதும் தெரியும். அப்போது அவருக்காக நீங்கள் முடிவெடுக்கப் பார்க்காதீர்கள். நானும் வேண்டாமென்று சொல்ல வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டு என் சப்பாத்தைக் கழற்றினேன். திருக்கை முள்ளும் சங்கின் விளிம்பும் உள்ள கடலில் வெறுங்காலோடு பிள்ளைகளை இறக்கியது என் சேவைக் காலத்தில் அந்த ஒருமுறைதான்.

கைகளைக் கோத்துக்கொண்டு வரிசையாக இறங்கினோம். மாணவர் ஆறு, என்னோடு ஏழு. சங்கத் தலைவர் எங்களை மறிக்கக் கை நீட்டினார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

"நல்லா ஊண்டி மிதியுங்கோ" என்றாள் சுகந்தினி.

"மிதிக்காதை மிதிக்காதை எண்டு கேட்டுக் கேட்டுக் காது செத்துப்போச்சு" என்றான் அன்ரன். "சேர், இண்டைக்கு மட்டும் பாத்து ஒண்டும் சொல்லுறியள் இல்லை."

"வாயை மூடிக்கொண்டு நட தம்பி."

முதலாம் சதுரத்துக்குள் போனோம். நான் நட்டுவித்த மூலைத் தடி என் முழங்கையில் உரசியது. புல் காலுக்கடியில் வழுக்கி மடங்கியது. சேறு கலங்கி எழுந்தது. இரண்டாம் சதுரம், மூன்றாம் சதுரம். நான் தலைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஏழு. மறுபடி ஏழு. நான்காம் சதுரம்தான் இருப்பதிலேயே அடர்ந்தது, குஞ்சுகள் அதிகமாய்க் கிடைத்தது. அதன் விளிம்பில் சுகந்தினியின் கால் ஒரு கணம் நின்றது. கோத்திருந்த கையில் எனக்கு அது தெரிந்தது. பிறகு காலை உள்ளே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அன்ரன் "ஐயோ!" என்று குழறினான்.

கரையில் எழுந்த ஓலத்தை நான் இன்றும் மறக்கவில்லை. பெண்கள் பிள்ளைகளின் கண்களைப் பொத்தினார்கள். யாரோ "மாதாவே!" என்று மணலில் விழுந்தார். அன்ரன் ஒற்றைக் காலில் துள்ளினான். மற்றக் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கினான். பெருவிரலில் ஒரு நண்டு தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சும் இல்லை, கறிக்குப் போதுமான நண்டு.

"கடிக்குது சேர்! விடுகுதில்லை!"

பிறகு கரையிலிருந்து திரேசம்மாவின் குரல் வந்தது.

"அட மூதேசி, நண்டுக்கோ இந்தக் கத்துக் கத்தினனீ! எங்கட சீவன் போச்சு!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் கரை நீளத்துக்கும் பரவியது. "தம்பி, அதை விட்டிடாதை, கறிக்கு ஆகும்" என்று ஒரு வள்ளக்காரர் கூவினார். "கறிக்கு என்ர விரலும் சேத்தோ?" என்றான் அன்ரன், இன்னும் துள்ளிக்கொண்டே.

நாங்கள் திரும்பவும் கைகளைக் கோத்துக்கொண்டோம். ஐந்தாம் சதுரம், ஆறாம் சதுரம். வழக்கம்போல் எண்ணினேன். எட்டு வந்தது. பதறிப்போனேன். ஒரு தலை குறைந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். கூடினால் என்ன செய்வது என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. நின்று மறுபடி எண்ணினேன்.

எட்டாவது திரேசம்மா. சீலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, வெறுங்கூடையை இடுப்பில் வைத்தபடி சுகந்தினியின் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீருக்குள் குனிந்து பார்த்தார்.

"இதுதானோ பிள்ளை உங்கட புல்லு?"

"ஓம் அன்ரி."

"மிதிக்கப்படாது எண்டு எங்களையெல்லாம் கலைச்சனீங்கள்."

"ஓம்."

"இப்ப மிதிக்கட்டோ?"

சுகந்தினியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் அவள் சிரித்தாள். "மிதியுங்கோ அன்ரி. நல்லா மிதியுங்கோ" என்றாள்.

திரேசம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏழாம் சதுரத்துக்குள் கால் வைத்தார். அதற்குப் பிறகு நான் எண்ணியது ஒன்றும் சரியாக வரவில்லை. ஒன்பது வந்தது, பதின்மூன்று வந்தது, கலைந்தது, பிறகு கூடைகளும் பிள்ளைகளும் வலைக்காரர்களுமாகத் தண்ணீர் முழுவதும் தலைகள். நான் விட்டுவிட்டேன்.

ஒன்பது சதுரமும் உழுத வயல்போல ஆகிவிட்டன. மத்தியானம் கடல் ஏறியதும் சுகந்தினி மண்டபத்து வாசலில் நெடுநேரம் கடலைப் பார்த்தபடி இருந்தாள். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அன்று கண்டுகொண்டேன். கடைசியில் அவளே கேட்டாள்.

"சேர், மிதிபட்ட புல்லில குஞ்சு திரும்ப வருமோ?"

"தெரியாது."

"எத்தனை நாளைக்குப் பிறகு வரும்?"

"அதுவும் தெரியாது பிள்ளை."

"அப்ப அதை எண்ணலாம்தானே?"

மீதி மாதங்களில் அவள் எண்ணியது அதைத்தான். முதல் இரண்டு மாதத்துக் கணக்கு மிதிபடாத புல்லுக்கு. பிந்தியது மிதிபட்டுத் தளிர்த்த புல்லுக்கு. தலைப்பை மாற்றி எழுதினோம். என் சட்டத்தை நானே அழித்தேன். புதிய மூலைத் தடிகளை ஊர்ச்சனமே பனைமட்டையில் வெட்டி நட்டுத் தந்தார்கள். "எங்கட ஆக்கள் நட்டா எங்கட ஆக்களுக்குத் தெரியும்தானே" என்றார் சங்கத் தலைவர். அதன்பிறகு மட்டிக்கு இறங்கும் பெண்கள் சதுரங்களைச் சுற்றிப் போனார்கள். நாங்கள் யாரையும் கலைக்க வேண்டியிருக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் ஒருவர், "இந்தப் புல்லை மிதித்தது யார்?" என்று கேட்டார். "நான்தான் சேர்" என்றாள் சுகந்தினி, அதற்கு மேல் விளக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அதே ஆண்டில் பட்டம் வாங்கினாள்.

நீங்கள் புதிதாக ஒரு கரைக்குப் போகும்போது அங்கே கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் எண்ணுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தப் பொருளை அந்தக் கரை ஏற்கெனவே எங்கே கண்டிருக்கிறது என்றும் அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். நடுவதற்கு முன் கேளுங்கள்.

அந்தச் சிவப்புத் தடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று பின்னேரமே எல்லாவற்றையும் பிடுங்கிக் கரையில் போட்டோம். எண்ணினேன், சரியாக இருந்தன. கட்டித் தூக்கும்போது திரேசம்மா வந்து, "இதுகளைச் சும்மா ஏன் சுமக்கிறியள்?" என்று கேட்டார். விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த மாதம் போனபோது அவருடைய வீட்டுப் பக்கத்தில் ஒரு கோழிக்கூடு முளைத்திருந்தது. சுற்றிவரச் சிவப்புத் தலைகள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கூட்டைச் சுற்றி வந்து எண்ணினேன்.

"முப்பத்துமூண்டுதான் கிடக்கு. மூண்டு குறையுது" என்றேன்.

திரேசம்மா நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். "சேர், உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று நிமிராமலே நாடியால் கடற்கரையைக் காட்டினார்.

மிச்ச மூன்றும் மணலில் விக்கெற்றாக நின்றன. பிள்ளைகள் கிரிக்கெற் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஓங்கி அடித்த பந்து தண்ணீருக்குள் போய் விழுந்தது. ஒரு சின்னப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். பந்தை மட்டும் பார்த்தபடி, கால் எங்கே படுகிறது என்று பாராமல், முழங்கால் தண்ணீருக்குள் சளப் சளப்பென்று ஓடினாள்.